சாமிக்குப் பயந்தவன் ரெண்டாம் நம்பர் நோட்டு எழுதலாமா?

தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார், வயது 26. காலையில் மீனாட்சியைக் கும்பிடாமல் கடைக்குப் போவதில்லை. முதலாளியும் பெரிய பக்திமான், கடையில் சாமி படம் இல்லாத சுவரே கிடையாது. ஆனால் விற்பனையில் ஒரு பங்கு பில்லில் போகிறது, மீதி எஸ்டிமேட் சீட்டில் போகிறது, அந்த ரெண்டாம் நம்பர் நோட்டை எழுதுவது இவர் கை. மனசு உறுத்துகிறது, சாமிக்குப் பயந்தவன் இதைச் செய்யலாமா, முடியாது என்றால் முதலாளியிடம் எப்படிச் சொல்வது, அப்புறம் வேலை இடத்தில் நம் பக்தியை எவ்வளவு தூரம் வெளியே காட்டலாம் என்று கேட்கிறார். வேலையை உதறிவிட்டு வர வீட்டு நிலைமை இடம் கொடுக்காது என்பதையும் எழுதியிருக்கிறார்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் இதே மாசி வீதிகளில் வரி ஆலோசகராகக் கடை கடையாக ஏறி இறங்கியவன். 1959ஆம் வருஷத்து விற்பனை வரிச் சட்டம் போய் 2007ல் வாட் வந்தது, அதுவும் போய் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, எல்லாம் மாறியும் இந்த எஸ்டிமேட் சீட்டு மட்டும் மாறவே இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தம்பி, எழுதக் கூடாது. ஆனால் "நான் சாமி கும்பிடுகிறவன், அதனால் எழுத மாட்டேன்" என்று முதலாளி முன்னால் போய் நிற்கவும் கூடாது.

முதலில் சட்டத்தை முடித்துவிடலாம். எஸ்டிமேட் என்பதே குற்றம் இல்லை. சரக்கு எடுக்க வருகிறவருக்கு இவ்வளவு ஆகும் என்று விலை எழுதிக் கொடுப்பதுதான் எஸ்டிமேட், அந்தச் சீட்டை வைத்தே மூட்டை வண்டி ஏறும்போதுதான் அது பில் இல்லாத விற்பனை ஆகிறது. அதே மாதிரி 200 ரூபாய்க்குக் குறைவான சில்லறை விற்பனையில், வாங்குபவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்து பில்லும் கேட்கவில்லை என்றால் தனித்தனியாகப் பில் போட வேண்டியதில்லை, கடை அடைக்கும்போது மொத்தமாக ஒரே பில் போட்டால் போதும். ஆகவே அந்த நோட்டில் இருக்கிற எல்லா வரியும் பாவம் என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மூட்டைக் கணக்கில் வத்தலும் மல்லியும் போவது இந்த வகையில் வராது, அது உங்களுக்கே தெரியும்.

பொய்க் கணக்கு எழுதுவது பற்றிய பிரிவு பழைய தண்டனைச் சட்டத்தில் 477ஏ, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 344. அந்தப் பிரிவு முதலாளியைச் சொல்லி ஆரம்பிப்பதில்லை, குமாஸ்தாவைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. குமாஸ்தாவோ அலுவலரோ வேலையாளோ மோசடி எண்ணத்தோடு கணக்குப் புத்தகத்தை அழித்தால், திருத்தினால், பொய்யாக எழுதினால் ஏழு வருஷம் வரை சிறை. ஜிஎஸ்டி சட்டத்திலும் துணை போனவர் என்று தனியாக 25,000 ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. நடைமுறையில் குமாஸ்தாவை உள்ளே தள்ளுவது அபூர்வம், அதையும் மறைக்க விரும்பவில்லை, பெரும்பாலும் முதலாளியிடம் வசூல் பண்ணிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் சோதனை வருகிற அன்றைக்கு நோட்டில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவரைத்தான் முதலில் உட்கார வைத்து வாக்குமூலம் எழுதுவார்கள். அந்த நாற்காலியில் சின்னப் பையன்கள் உட்கார்ந்து வேர்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, சாமி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடையிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். புதுக் கணக்குப் போடும் அன்றைக்கு நோட்டுக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே "லாபம்" என்று எழுதி, அம்மன் சன்னதியில் வைத்து வாங்கி வருவார்கள். அது பில் நோட்டுக்கு. எஸ்டிமேட் நோட்டுக்குக் கோவில் பார்க்கிற பாக்கியம் இல்லை, ஆனால் அதைத் திறந்து பாருங்கள், அதிலும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி இருக்கும். இதைப் பார்க்கும்போது முதலில் சிரிப்புதான் வரும். அப்புறம் யோசித்தால் அந்த மனிதர் நடிக்கவில்லை என்பது புரியும். அவருக்குச் சாமி வீட்டு ஆள், சர்க்கார் வெளியாள். வீட்டு ஆளிடம் பொய் சொல்ல மாட்டார், வெளியாளிடம் சொல்வதை அவர் பொய்யாகவே நினைப்பதில்லை, சாமர்த்தியம் என்று நினைக்கிறார். இப்படி நினைக்கிறவரிடம் போய் "சாமிக்கு ஆகாது" என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? "ஏம்ப்பா, நான் கும்பிடாத சாமியையா நீ கும்பிடுற?" என்பார். வருஷா வருஷம் அன்னதானத்துக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்ற கணக்கையும் எடுத்துச் சொல்வார். அந்தப் பேச்சில் நீங்கள் ஜெயிக்கவே முடியாது, ஏனென்றால் அவர் பக்தி உங்கள் பக்தியைவிட வயதில் மூத்தது, செலவிலும் பெரியது.

அந்த அன்னதானக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கடை, பெயர் வேண்டாம். ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்ற மூட்டை மூட்டையாகக் கேழ்வரகு கொடுப்பார்கள், கடை வாசலில் பந்தல் போட்டு நீர்மோர் வேறு. அதே கடையில் ஆட்கள் சம்பளத்தில் 12 சதவீதம் பிஎஃப் பிடித்தார்கள், அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பணம், பல மாசமாகக் கட்டவே இல்லை. மூட்டை தூக்குகிற ஒருவர் மகள் கல்யாணத்துக்காக பிஎஃப் பணம் எடுக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் என்னிடம் வந்து கோபப்படவில்லை, "கூழு நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்று மட்டும் சொன்னார். அரசாங்கத்துக்குக் கட்டாத வரியையாவது யாரோ முகம் தெரியாதவர் பணம் என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம், இது பக்கத்தில் நிற்கிறவன் வேர்வை. இந்த இரண்டையும் நான் ஒரே தராசில் வைக்க மாட்டேன், நீங்களும் வைக்காதீர்கள். உங்கள் கடையில் பிஎஃப் ஒழுங்காகப் போகிறதா என்று முதலில் உங்கள் பாஸ்புக்கில் பாருங்கள், யுஏஎன் என்கிற உங்கள் பிஎஃப் எண் இருந்தால் போனிலேயே தெரிந்துவிடும்.

தர்மத்தையே கணக்கில் எழுதிச் செய்தவர்களும் இதே சீமையில்தான் இருந்தார்கள். மகமை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று பொதுக் காரியத்துக்கு ஒதுக்கி நோட்டிலேயே எழுதிவிடுவார்கள். விருதுநகரில் 1889ல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலா, காமராஜர் படித்த பள்ளி, அப்படி வந்த காசில் எழுந்ததுதான். அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். எஸ்டிமேட் நோட்டுக் காசில் ஊற்றுகிற கூழுக்கு எந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவது?

நம்மூர்க் கதை ஒன்றும் இங்கே நினைவுக்கு வராமல் போகாது. மாணிக்கவாசகர் மேலூர்ப் பக்கம் திருவாதவூர்க்காரர், பாண்டியனுக்கு அமைச்சர். குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய அரசாங்கப் பணத்தைத் திருப்பெருந்துறையில், இன்றைய ஆவுடையார்கோவிலில், கோவில் திருப்பணிக்குச் செலவு பண்ணிவிட்டார். ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய லீலை என்று வருஷா வருஷம் மதுரையே கொண்டாடுகிறது, நானும் கைகூப்பிக் கும்பிடுகிறவன்தான். ஆனால் கணக்குப் பார்த்துப் பழகிய புத்தி சும்மா இருக்காது, ஒரு காரியத்துக்கு வாங்கிய பணம் வேறு காரியத்துக்குப் போயிருக்கிறதே என்று முணுமுணுக்கும். அந்தக் கதையில் பாண்டியனும் சும்மா விடவில்லை, சிறையில் வைத்தான், சுடுமணலில் நிறுத்தினான், அடியார் என்பதற்காகத் தள்ளுபடி கொடுக்கவில்லை. வாதவூரருக்கு ஈசனே குதிரைச் சேவகனாக வந்தான். நமக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள், வந்தால் வணிகவரி அலுவலகத்து ஜீப்புதான் வரும். ஆகவே பக்திக்காக வளைத்தேன், குடும்பத்துக்காக வளைத்தேன் என்று எந்த முதலாளி சொன்னாலும், நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டாலும், அந்தக் கதையைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

சாமியைச் சொல்லாதே என்று நான் சொல்வதற்கு உண்மையான காரணம் வேறு, அதை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கண்ணால் பார்த்தேன். ஒரு நாள் ராத்திரி கல்லா எண்ணியதில் 18,400 ரூபாய் குறைந்தது. முதலாளி நல்ல மனுஷர், போலீசுக்குப் போக மனசில்லை. "வெள்ளிக்கிழமை எல்லாரும் அழகர்கோவில் வாங்க, பதினெட்டாம்படியில சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க, கருப்பன் பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டார். மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், காவல் தெய்வம் கருப்பசாமியின் சந்தனம் பூசிய அந்தக் கதவு முன்னால் பொய்ச் சத்தியம் பண்ண இன்றைக்கும் துணிச்சல் வராது. பெண் பிள்ளைகள் இரண்டு பேர் அழவே ஆரம்பித்துவிட்டார்கள், எடுக்காதவர்களுக்கும் பயம்தான். அப்போது ரெடிமேட் பிரிவில் நிற்கிற ஒரு பாய் மெதுவாகச் சொன்னார், "முதலாளி, நான் அங்க வந்து சத்தியம் பண்ணுனா என் மார்க்கத்துக்கு ஆகாது, பண்ணலைன்னா நான்தான் எடுத்தேன்னு ஆயிரும், நான் என்ன செய்யட்டும்?" அவர் முடிப்பதற்குள் பில் போடுகிற பெரியவர், அந்தக் காலத்துக் கறுப்புச் சட்டைக்காரர், "எனக்கு ஒண்ணும் இல்ல, கூட்டிட்டுப் போனா ஒரு நிமிஷத்துல பண்ணிட்டு வந்துருவேன், ஆனா அதை வச்சு நீங்க என்ன செய்வீங்க?" என்றார்.

இந்த இரண்டு கேள்விக்கும் முதலாளியிடம் பதில் இல்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது, ஒருவன் நேர்மையைச் சாமியை வைத்து அளந்தால் அந்தச் சாமியைக் கும்பிடாதவன் முதலிலேயே குற்றவாளி ஆகிவிடுகிறான், சாமியே இல்லை என்கிறவன் சுலபமாகத் தப்பித்துவிடுகிறான். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஏன் போகணும், அன்றாட வரவு செலவு எழுதுகிற டே புக்கையும் சிட்டையையும் கொண்டு வாங்க என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆகவில்லை. உசிலம்பட்டி வியாபாரி ஒருவர் எஸ்டிமேட்டில் எடுத்த துணியில் ஒரு கட்டு சாயம் போகிறது என்று திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார், கல்லாவில் இருந்து ரொக்கமாகப் பணம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், அது எஸ்டிமேட் நோட்டில் ஏறியிருக்கிறது, டே புக்கில் ஏறவில்லை. கொடுத்தது யார் தெரியுமா, முதலாளியின் சொந்த மச்சினன். அவரும் எடுத்துக்கொள்ளவில்லை, எந்த நோட்டில் எழுதுவது என்ற குழப்பத்தில் ஒன்றில் எழுதி ஒன்றில் விட்டுவிட்டார்.

பழைய காலத்தில் கோர்ட்டே இந்தச் சத்தியத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1873ஆம் வருஷத்து உறுதிமொழிச் சட்டத்தில், எதிர்க் கட்சிக்காரர் இன்ன மாதிரி சத்தியம் பண்ணினால் நான் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் ஒத்துக்கொண்டால், அப்படிச் சத்தியம் பண்ணிச் சொன்னதே அவருக்கு எதிரான முடிவான சாட்சி. 1969ல் வந்த புதுச் சட்டம் அதை எடுத்துவிட்டது. இன்றைக்குச் சாட்சிக் கூண்டில் கடவுள் பெயரில் சத்தியம் பண்ணலாம், இல்லை உளமார உறுதி கூறலாம், எதைச் சொன்னாலும் சொன்னதைக் குறுக்கு விசாரணை பண்ணித்தான் ஏற்பார்கள். எனக்கு இது சரியாகப் படுகிறது. கருப்பர் சன்னதியிலேயே இதற்கு ஒத்த வழக்கம் ஒன்று உண்டு பாருங்கள், சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது அவர் போட்டுக்கொண்டு போகிற நகைகளின் பட்டியலைக் கருப்பர் முன்னால் வாசிப்பார்கள், மலைக்குத் திரும்பியதும் சரிபார்ப்பார்கள். பெருமாளையே பட்டியல் போட்டுத்தான் வெளியே அனுப்புகிறார்கள்.

ஆகவே உங்கள் நேர்மைக்கு வெளியில் காட்டுகிற காரணம் பாயும் கறுப்புச் சட்டைக்காரரும் கூட ஒத்துக்கொள்கிற காரணமாக இருக்கட்டும். சட்டம், கணக்கு, ஆபத்து, கூட வேலை பார்ப்பவர் காசு, இப்படி. சாமி உள்ளே இருக்கட்டும். உள்ளே அதற்கு வேலை இல்லாமல் இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டு வந்த அன்றைக்கு ராத்திரி வயிற்றைப் பிசையும், இந்த மாசச் சம்பளம் வருமா என்று இருக்கும், வீட்டில் சொல்ல முடியாது, அந்த நேரத்தில் கையைப் பிடிக்க மீனாட்சி என்று ஒருத்தி இருக்கிறாள் என்ற நம்பிக்கை சாதாரண விஷயம் இல்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் அந்த ராத்திரியை எப்படிக் கடக்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான், ஆனால் கடக்கிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

முதலாளியிடம் சொல்கிற விதம். பண்டிகைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள், ஆட்கள் முன்னால் சொல்லவே சொல்லாதீர்கள். ஜிஎஸ்டிக்குக் கணக்குக் காட்டுகிற ரிட்டர்ன் மாசம் 11ஆம் தேதி ஒன்று, 20ஆம் தேதி ஒன்று, அதற்கு முன்னால் சொன்னால் மிரட்டுகிறான் என்று நினைப்பார். 20 தாண்டி, கடை அடைத்து, அவர் டீ குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது போங்கள். "முதலாளி, பில் நோட்டு, பாங்குக் கணக்கு, ரிட்டர்ன் எல்லாம் நான் பாத்துக்கிறேன், ஒரு நாள் தள்ளாது. இந்த எஸ்டிமேட் நோட்டு மட்டும் என் கையால வேண்டாம். நாளைக்கு யாராவது வந்து என்னை உக்கார வச்சுக் கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது, உளறிருவேன், ஆபத்து உங்களுக்குத்தான்." இதில் உபதேசம் இல்லை, பொய்யும் இல்லை, அவர் நன்மையும் இருக்கிறது. வியாபாரிக்கு இந்தப் பேச்சு புரியும்.

வெறும் கையோடு போகாமல் ஒரு வழியையும் எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. வருஷ விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம், ஆனால் அதில் வாங்குகிறவர் அந்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது, ஊர்க் கடைக்காரர்களுக்கு மொத்தமாகப் போடுகிற உங்கள் கடைக்கு அது ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன விற்பனைக்குத் துறை நோட்டீஸ் வருவதற்கு முன்னால் தானாகவே வரியையும் வருஷத்துக்கு 18 சதவீத வட்டியையும் கட்டினால் அபராதம் நோட்டீசுக்குப் பிறகு வருவதைவிடக் குறைவுதான். காய்ந்த மிளகாய்க்கு வரியே 5 சதவீதம். அந்த ஐந்துக்காகத் தூக்க மாத்திரை போடுகிற முதலாளிகளை எனக்குத் தெரியும்.

என்ன நடக்கும்? பெரும்பாலும் நோட்டு முதலாளியின் மச்சினன் மாதிரி ஒரு சொந்தக்காரர் கைக்குப் போகும். நீங்கள் பில் நோட்டோடு இருப்பீர்கள். அப்போது உங்கள் கை சுத்தமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை, பாதிதான். நீங்கள் தயார் பண்ணுகிற ரிட்டர்னில் இருப்பது முழு விற்பனை இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமே. வேறு வேலை தேடுகிற வரைக்கும் இந்தப் பாதியோடு இருக்கலாம், அதுவே பத்து வருஷம் ஆனால் நீங்களும் மச்சினனும் ஒன்றுதான். சில பேர் இதைக் கேட்டு என்னோடு சண்டைக்கு வருவார்கள், நம்பிக்கை உள்ளவன் அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேற வேண்டாமா என்பார்கள். அப்படிக் கேட்கிறவர்கள் வீட்டு வாடகையை யார் கட்டுகிறார்கள் என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். டேலி என்கிற கணக்கு சாப்ட்வேரும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் தெரிந்த பையனுக்குக் கப்பலூர் சிட்கோவிலோ ஆடிட்டர் ஆபீஸ்களிலோ வேலை கிடைக்காமல் போகாது, கொஞ்சம் நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நாள் கணக்கே கிடையாது, அன்றைக்கே கிளம்ப வேண்டியதுதான். ஒன்று, உங்கள் ஆதாரையும் பான் கார்டையும் வாங்கி உங்கள் பெயரில் ஒரு ஜிஎஸ்டி பதிவோ பாங்குக் கணக்கோ ஆரம்பிக்கலாம் என்று கேட்டால். சம்பளம் ஏற்றித் தருகிறேன் என்பார்கள், பார்ட்னர் என்று கூடச் சொல்வார்கள். கோடிக்கணக்கில் பில் அடித்துவிட்டுக் காணாமல் போவார்கள், நோட்டீஸ் உங்கள் வீட்டுக் கதவில் ஒட்டப்படும். இன்னொன்று, சோதனை வரப் போகிறது, நோட்டைக் கிழித்து எரித்துவிடு என்றால். அழிப்பதும் அதே 344தான். நீங்களும் பதிலுக்கு அந்த நோட்டைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, சம்பளம் ஏற்று இல்லையென்றால் பார் என்று ஆரம்பிக்காதீர்கள், சாமி கும்பிடுகிற பிள்ளைகளே கோபத்தில் இதைச் செய்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் வேறு.

சின்னப் பொய்கள் இருக்கின்றனவே, "முதலாளி இல்லைன்னு சொல்லு" வகை. இதற்குப் பெரிய போராட்டம் வேண்டாம். "இப்பப் பேச முடியாதுங்க, நம்பர் சொல்லுங்க, சொல்லிடறேன்" என்றால் வேலை முடிந்தது. தராசு விஷயம் அப்படி இல்லை. மின்னணுத் தராசு வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை போட வேண்டும், அது நின்று போயிருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள், ஏனென்றால் எடையில் குறைவது பத்து ரூபாய்க்குச் சீரகம் வாங்க வந்த கிழவியின் காசு.

அப்புறம், கோபப்படாமல் கேளுங்கள். தினமும் கோவிலுக்குப் போய்விட்டுக் கடைக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு வருகிறீர்கள்? வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அம்மன் சன்னதி வரிசை நகராது, அரை மணி தாமதம் ஆகும், சாமி விஷயம் என்பதால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த அரை மணியும் கடைக் காசுதான். வெள்ளிக்கிழமை மதியம் தொழப் போகிற பாய் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய்ச் சாயந்திரம் இருந்து முடித்துக்கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது போதும். லாரி ஆபீசில் தருகிற டீ காசு, தீபாவளிக்குச் சரக்கு ஏஜென்ட் தருகிற கவர், இவற்றையும் முதலாளிக்குத் தெரிந்து வாங்குங்கள், இல்லை வாங்காதீர்கள்.

பக்தியை வெளியே காட்டுவது பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. விபூதி பூசுங்கள், மாலை போட்டால் 41 நாள் கறுப்பு வேட்டியில் வாருங்கள், மதுரையில் இதெல்லாம் யாருக்கும் உறுத்தாது. ஆயுத பூஜைக்குக் கடையில் உள்ள எல்லோருக்கும் பொரிகடலை கொடுங்கள், வேண்டாம் என்று ஒதுங்குகிறவர் நெற்றியில் குங்குமத்தை வைக்கப் போகாதீர்கள். உங்களை மதம் மாற்றப் பேசுகிறவரோ, நீ கும்பிடுவது கல் என்கிறவரோ வந்தால் வேலை முடிந்து பேசலாம் என்று சொல்லிவிட்டு லெட்ஜரைத் திறங்கள். நான் பார்த்ததில் சுத்தமாகக் கணக்கு வைத்த கடைகளில் கோவிலுக்கே போகாத முதலாளி உண்டு, ஐந்து வேளை தொழுகிறவர் உண்டு, ஞாயிற்றுக்கிழமை கீழவாசல் மாதா கோவிலுக்காகக் கடையைத் திறக்காதவர் உண்டு. ஊழல் கணக்கு வைத்தவர்களிலும் இதே மூன்று வகையும் உண்டு, எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கிளம்பும் நாள் வந்தால் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். நோட்டு, சாவி, பாஸ்வேர்டு, நிலுவைப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒப்படைத்தேன் என்று கையெழுத்து வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அனுபவச் சான்றிதழை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள், அப்புறம் தருகிறேன் என்றால் வராது. புது இடத்தில் ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள், பழைய முதலாளியின் நோட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், "ஜிஎஸ்டி வேலை முழுசாக் கத்துக்கிற இடமாத் தேடுறேன்" என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே.